வானிலைப் படிப்பு என்று தேடாதீர்கள், பிசிக்ஸில் சேருங்கள்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு,

ப்ளஸ் டூ முடித்த பாப்பா ராத்திரி தூங்காமல் செல்போனில் மழை மேகங்களைக் காட்டும் ரேடார் படம் பார்க்கிறாள், வானிலைதான் படிப்பேன் என்கிறாள், அவள் அப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே எடுக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இளநிலையிலேயே 'வானிலை', 'காலநிலை' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பி.எஸ்சி. பிசிக்ஸோ கணிதமோ, இல்லையென்றால் பி.இ.யோ முடித்துவிட்டு முதுநிலையில் இந்தப் பக்கம் திரும்புவதுதான் வழக்கமான பாதை. சேலம் அரசு கலைக் கல்லூரியில் பிசிக்ஸ் கிடைத்தால் அதுவே போதும். பெயருக்காக லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள்.

ஏன் பிசிக்ஸ்? நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலும் நேர்க்கோட்டில் இடைவெளி ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், அதனால் ஏற்காட்டில் எட்டு டிகிரி வரை குளிர்ச்சி. முன்னறிவிப்புக்குப் பயன்படும் கம்ப்யூட்டர் கணக்கான வானிலை மாடல் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எப்படி மாறும் என்று சமன்பாடு போட்டுக் கணக்கிடுகிறது. கட்டம் 25 கிலோமீட்டர் அகலம் என்றால் சேலமும் ஏற்காடும் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடலாம். அந்தக் கட்டத்துக்கு ஒரே ஓர் உயரம்தான். மலையும் இல்லாமல் அடிவாரமும் இல்லாமல் நடுவில் ஏதோ ஒரு மேடு. ஈரக்காற்று சேர்வராயன் மலையில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து கொட்டுவதை அது எங்கே சரியாகப் பிடிக்கும்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. கனமழை என்று சொல்வது ஒன்று. எந்தச் சரிவில், எத்தனை மணிக்கு என்று சொல்வது வேறு. அதற்காகத்தான் கட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போகிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2025-இல் வந்த பாரத் முன்கணிப்பு முறையில் கட்டம் 6 கிலோமீட்டர். இந்த வேலைக்குக் கால்குலஸ் கணிதம், ஃபோர்ட்ரான், பைத்தான் போன்ற புரோகிராம் மொழிகள், லினக்ஸ் எல்லாம் வேண்டும். அப்பாவிடம் சொல்லுங்கள்: பாப்பா வானிலைக்குப் போனாலும் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கப் போவது கம்ப்யூட்டர் முன்னால்தான்.

ஆனால் ரேடார் படம் பார்க்கிற ஆசை வேறு, இந்தப் படிப்பு வேறு. அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு மழைமானி வாங்கிக் கொடுங்கள். சுவரையோ தண்ணீர்த் தொட்டியையோ ஒட்டி வைத்தால் அளவு தப்பும், திறந்த இடம் வேண்டும். தினமும் காலை 8.30-க்கு அளக்கட்டும், வானிலைத் துறையின் மழைக்கணக்கும் 8.30-இலிருந்து 8.30 வரைதான். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான். அப்புறம் முந்தின நாள் முன்னறிவிப்போடு ஒப்பிடட்டும். எங்கே, ஏன் தப்பியது என்று அவளே குடைய ஆரம்பித்தால் பயப்படாமல் விடுங்கள். கொஞ்ச நாளில் அளப்பதையே விட்டுவிட்டால் திட்டாதீர்கள்; பிசிக்ஸ் முடித்து எம்.சி.ஏ. போகும் வழி இருக்கவே இருக்கிறது.

மேற்படிப்புக்கு குசாட் எனும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகம், ஐஐடி டெல்லி, பெங்களூரு ஐஐஎஸ்சி எல்லாம் உண்டு. ஐஐடி, ஐஐஎஸ்சி என்றால் ஜாம், கேட் போன்ற நுழைவுத் தேர்வுகள். தண்ணீர்ப் பக்கம், அதாவது கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர் மேட்டூருக்கு எப்போது வந்து சேரும் என்கிற மாதிரி கணக்குகளில் விருப்பமென்றால் சிவில் இன்ஜினியரிங். நிலத்தடி நீர் என்றால் ஜியாலஜி, அது நம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மீத்தேன், ஓசோன் என்று காற்றை அளப்பதில் ஆர்வமென்றால் கெமிஸ்ட்ரியையும் விடக்கூடாது.

வேலை? வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி 2017-இலும் 2022-இலும் ஆள் எடுத்தது. அப்போது அடிப்படைச் சம்பளம் மாதம் 35,400 ரூபாய். வருடாவருடம் வரும் தேர்வு இல்லை, அதையே நம்பி உட்காரக் கூடாது. காற்றாலை, சோலார் நிறுவனங்களுக்கு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணித்துச் சொல்லும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள், பயிர்க் காப்பீட்டிலும் அப்படித்தான்.

பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பிசிக்ஸ் படித்த அன்னா மணி 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழி பண்ணினவர் அவர். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது: மத்திய அரசு வேலை என்றால் எந்த மாநிலத்திலும் போடுவார்கள், ராத்திரி ஷிஃப்டும் உண்டு. சேலத்திலேயே இருக்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

பாப்பா ப்ளஸ் டூவில் என்ன குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. நான் சொன்ன எஸ்எஸ்சி பணிக்கு ப்ளஸ் டூவில் பிசிக்ஸும் கணிதமும் படித்திருக்க வேண்டும். கணிதம் இல்லாத குரூப் என்றால் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் மறுபடி எழுதுங்கள், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.