பிரியாணிக் கணக்கில் விடுபட்டவள்

கேள்வி: ஞாயிறுதோறும் ஒரு கிலோ சீரகச் சம்பா, ஒரு கிலோ தோல் நீக்கிய கோழி, 200 மில்லி எண்ணெய், 50 கிராம் நெய் போட்டுப் பிரியாணி செய்கிறேன். வீட்டில் ஆறு பேர். கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் 17 வயது மகன் புரதக் கணக்குக் கேட்கிறான். மாமனார், மாமியார், கணவர், மகன் நால்வருக்கும் முதலில் பரிமாறிவிடுவேன். எனக்கும் 14 வயது மகளுக்கும் குஸ்காவே போதும். ஒருவருக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் வரும்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அரிசியில் ஏறக்குறைய 3,500 கலோரி. எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 2,100. எலும்பு போக மிஞ்சும் கறியில் 850. தயிர், வெங்காயம், தக்காளியையும் சேர்த்து ஆறால் வகுத்தால் ஆளுக்கு 1,100 கலோரி. புரதம் கறியில் சுமார் 140 கிராம், அரிசியில் 75. ஆளுக்கு 36 கிராம்.

ஆனால் அந்த 36 கிராம் உங்கள் வீட்டில் யார் தட்டிலும் இல்லையே அம்மா. கறி முழுவதும் நான்கு தட்டுகளுக்குப் போய்விடுகிறது. அவர்களுக்கு ஆளுக்கு 47 கிராம் புரதம். உங்களுக்கும் மகளுக்கும் 12. எண்ணெய் மட்டும் எல்லோருக்கும் சமம்!

உங்கள் வயிற்றுக்குக் குஸ்கா போதும் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். மகளுக்கும் சேர்த்துச் சொல்ல யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது? அவளைக் கேட்டீர்களா? மகன் கேட்டதும் கடிதம் எழுதுகிறீர்கள். அவள் வாய் திறக்கவில்லை என்பதால் கணக்கிலேயே வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, அவள் வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 43 கிராம் புரதமும் 30 மில்லிகிராம் இரும்புச்சத்தும் வேண்டும். உங்கள் மகன் வயதுப் பையனுக்கு இரும்பு 26 போதும். மாதாமாதம் இரத்தம் இழக்கிறவள் அவள்தானே? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்தப் பட்டியலுக்கு அவளை வீட்டிலேயே தயார் செய்கிறீர்கள்.

பெரியவர்களுக்கு முதலில் பரிமாறுவது நல்ல வழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் கரண்டி பிடிப்பவர் பங்கு பிரிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு, யாரும் உட்காரும் முன்பே கறித்துண்டுகளை எண்ணி ஆறாகப் பிரியுங்கள். ஈரல் மகளுக்கு, கோழியில் இரும்புச்சத்து மிகுந்தது அதுதான். மாமியார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மகனுக்குக் குறைகிறது என்றால் இரண்டு முட்டை வேகவைத்துக் கொடுங்கள். அதை அவனே வேகவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்கள் கணவருக்குச் சோற்றைப் பாதியாக்கி, வெங்காயப் பச்சடியைக் கூட்டுங்கள். எண்ணெயை 100 மில்லியாகக் குறைத்தால் ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சமாகும். மகளை இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். கூடவே உங்களுக்கும்.