வீட்டில் செய்த வைன், பியரை அடைக்கும்போது பாட்டிலில் மண்டி இறங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். ஐந்து வாரமான பிளம் வைன் ஒரு டெமிஜானிலும் (குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடி ஜாடி), 23 லிட்டர் பியர் ஒரு வாளியிலும் வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை அடைக்கும்போது மெல்லிய துணியில் வடிகட்டினால் போதுமா என்பது அவர் கேள்வி.

துணியைத் தொடாதீர்கள். ஒரு ஈஸ்ட் செல் சுமார் 5 முதல் 10 மைக்ரான்தான். எட்டு மடிப்பு மல் துணி போட்டாலும் தாராளமாக உள்ளே போய்விடும். துணி வழியாக ஒழுகும்போது காற்றுப் பட்டு வைன் பழுப்பாகும், பியரில் ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும். மண்டி போகாது, சரக்கு மட்டும் கெடும்.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாடகை வீட்டுத் தோட்டத்துப் பிளம் பழங்களை, நம்ம ஊர்ப் பழக்கத்தில், நன்றாக வேகவைத்துப் பிசைந்து வைன் போட்டேன். ஐந்து மாதம் கழித்தும் தெளியவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு எடுத்துப்போனால், நண்பரின் அம்மா கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரசத்துக்குப் புளி கரைச்சு எடுத்துட்டு வந்திருக்கே?" என்றார். பழத்தைக் கொதிக்கவிட்டால் அதில் உள்ள பெக்டின் (ஜாமை இறுகவைக்கும் பொருள்) கரைந்து இறங்கி, வைன் முழுக்க மூட்டமாக நிற்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் பழத்தைப் பச்சையாக நசுக்கி, ஈஸ்ட் போடுவதற்கு முந்தின நாளே பெக்டினைச் சிதைக்கும் நொதியை ஒரு டீஸ்பூன் கலந்தேன். அந்த வைன் தானாகத் தெளிந்தது.

பள்ளிக்கூட அறிவியலில் 'தெளிய வைத்து இறுத்தல்' என்று படித்தோமே, மொத்த வித்தையும் அதுதான். நொதிக்கும் சத்தம் அடங்கி அடியில் கெட்டியாக மண்டி படிந்ததும், தெளிந்ததை மட்டும் சைபன் குழாயால் சுத்தமான இன்னொரு டெமிஜானுக்கு மாற்ற வேண்டும். உங்கள் வைன் இப்போது இந்த முதல் இறுத்தலுக்குத்தான் தயாராக இருக்கும், பாட்டிலுக்கு அல்ல. 4.5 லிட்டருக்கு ஒரு காம்ப்டன் மாத்திரை (வைன் கெடாமல் காக்கும் சல்பைட்) பொடித்துப் போட்டு, கழுத்து வரை நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியை மாட்டிக் குளிர்ச்சியான மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. பின்பக்கம் டார்ச் அடித்தால் வெளிச்சம் புகையாகத் தெரியாமல் பளிச்சென்று இந்தப் பக்கம் வர வேண்டும். அதுவரை பாட்டிலைத் தேடாதீர்கள்.

இப்படி இறுத்து எடுக்கும்போது செய்கிற தப்பு ஒன்று உண்டு. தரையில் இருக்கும் டெமிஜானை அப்போதுதான் மேசை மேல் தூக்கி வைப்போம். அந்த ஒரு ஆட்டத்தில் இரண்டு மாதத் தெளிவு போய்விடும். முந்தின ராத்திரியே தூக்கி வைத்துவிட வேண்டும். பைக்கில் பெட்ரோல் உறிஞ்சுகிற மாதிரி வாய் வைக்காதீர்கள். கிருமி நீக்கிய குழாயில் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பிவிட்டால் தானாக இழுக்கும். முதலில் வரும் அந்தத் தண்ணீரைத் தனியாக விட்டுவிடுங்கள். குழாயின் நுனி மண்டிக்கு இரண்டு விரல் மேலேயே நிற்கட்டும். கடைசி அரை கிளாஸுக்கு ஆசைப்பட்டால் எல்லாம் கலங்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு பென்டோனைட் என்ற களிமண் கிடைக்கும். எங்கள் பாட்டி பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பாரே, ஏறக்குறைய அதே வேலை. (தேற்றாங்கொட்டையை வைனில் போட்டுப் பார்க்கவில்லை, போடச் சொல்லவும் இல்லை!) ஆனால் வைனுக்குள் கரியமில வாயு தங்கியிருந்தால் எதைப் போட்டாலும் தூசு மிதந்துகொண்டே இருக்கும்; முதலில் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள்.

பியர் வேறு கதை. பாட்டிலுக்குள் நுரை வர வேண்டுமென்றால் கொஞ்சம் ஈஸ்ட்டும் சர்க்கரையும் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், அதனால் மெல்லிய படிவும் வந்தே தீரும். அதைக் குறைக்கத்தான் முடியும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் நொதித்து முடிந்தது என்று பொருள். அதற்கு முன்னால் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். பிறகு வாளியை இரண்டு மூன்று நாள் நல்ல குளிரில் வையுங்கள், ஈஸ்ட் அடியில் இறுகிவிடும். இங்கே ஜனவரியில் கராஜே போதும். லிட்டருக்கு 5, 6 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலி வாளியில் ஊற்றி, அதன்மேல் பியரைச் சலசலப்பில்லாமல் இறக்கி, அங்கிருந்து பாட்டிலுக்கு விடுங்கள். வாளியில் திருகுகுழாய் இருந்தால், நொதிக்கும் நாளிலேயே குழாய்ப் பக்கத்தின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிச் சற்றே உயர்த்தி வையுங்கள். மண்டி எதிர்ப்பக்கம் ஒதுங்கும்.

அடைத்த பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள். இரண்டு வாரம் அறைச் சூட்டில், பிறகு இரண்டு நாள் ஃபிரிட்ஜில். ஊற்றும்போது நடுவில் நிமிர்த்தாமல் ஒரே சாய்ப்பில் ஊற்றி, அடியில் ஒரு விரல்கடை விட்டுவிடுங்கள். ரசத்தைக் கலக்காமல் மேலாக எடுத்து ஊற்றத் தெரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. காலி பாட்டிலை அப்போதே அலசிவிடுங்கள். காய்ந்த மண்டி பிரஷ் போட்டாலும் லேசில் போகாது.