வண்ணம் ஓடுது, கேக் வியர்க்குது: என்ன செய்யலாம்?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். பூவும் பொம்மையும் வேண்டாம், பெயின்டிங் மாதிரி அப்ஸ்ட்ராக்ட் கேக்தான் வேண்டும் என்கிறாள். ஒத்திகையாகச் சின்னதாக ஒன்று செய்தேன். விப்பிங் கிரீம் தடவி, ஃபாண்டன்ட் போர்த்தி, ஜெல் கலரைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டினேன். நீலமும் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிச் சேறாகிவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலெல்லாம் முத்து முத்தாக வியர்வை. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. எந்த பிராண்ட் கலர் வாங்கலாம், அக்கா? இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது."

பிராண்டை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் கையிலும் குறை இல்லை. கிரீமில் ஈரம், கலரில் ஈரம், ஃபிரிட்ஜில் ஈரம், போதாக்குறைக்கு உங்கள் ஊர்க் காற்றிலும் ஈரம். எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஃபாண்டன்ட் என்பது கேக் மேல் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரை மாவு, அதில் முக்கால்வாசிக்கு மேல் சர்க்கரைதான். சர்க்கரைக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மக்ரூன் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மொறுமொறுவென்று வாங்கி வந்த மக்ரூன் பொட்டலத்தை ராத்திரி பிரித்தபடி வைத்துவிட்டால் காலையில் என்ன கதியில் இருக்கும்? அதே கதைதான் உங்கள் ஃபாண்டன்டுக்கும்.

முதலில் உள்ளே இருப்பதைச் சரிசெய்வோம். ஃபாண்டன்டுக்கு அடியில் விப்பிங் கிரீம் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் தண்ணீர் ஃபாண்டன்டை அடியிலிருந்தே கரைக்கும். கிரீமை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கவும் முடியாது. அங்கேதான் உங்கள் வியர்வைப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. சூடான கிரீமில் சாக்லேட்டை உருக்கிச் செய்யும் கனாஷ் போடுங்கள். டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. கோடையில் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தடவி ஒரு ராத்திரி விட்டால் சுவர் மாதிரி இறுகிவிடும். நடுவிலும் அதையே வையுங்கள். பழம், கஸ்டர்ட் எல்லாம் இந்தக் கேக்குக்கு ஆகாது.

ஃபாண்டன்ட் எவ்வளவு வாங்குவது? 7 அங்குல வட்டம், 4 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். 7 அங்குலத்தோடு இரண்டு பக்க உயரமும் சேர்த்தால் 15. கைக்கு வசதியாக இன்னும் 2 சேர்த்து 17 அங்குல வட்டமாகத் தேய்க்க வேண்டும். 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு 800 முதல் 900 கிராம் பிடிக்கும். விளிம்பில் வெட்டி எடுக்கும் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் உங்கள் ஒத்திகைத் தாள். நீங்கள் சைவம் என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சில ஃபாண்டன்டில் ஜெலட்டின் இருக்கும்.

போர்த்திய கேக்கை உடனே தீட்டக் கூடாது. ஏசி அறையில் அரை நாளாவது விடுங்கள். ஏசி குளிர்ச்சிக்காக மட்டும் இல்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது எடுத்துவிடும். ஏசி இல்லையென்றால் மழை இல்லாத நாளாகப் பார்த்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். விரல் நுனியால் தொட்டால் நல்ல சுவரைத் தொட்ட மாதிரி வறண்டிருக்க வேண்டும்.

இப்போது கலர். தண்ணீர் சர்க்கரையைக் கரைக்கும், அதனால் தண்ணீர் கூடாது. கேக் செய்கிறவர்கள் வோட்காவில் கரைப்பதற்குக் காரணம், ஆல்கஹால் சர்க்கரையைக் கரைப்பதற்குள் ஆவியாகிப் போய்விடும் என்பதுதான். ஆனால் நம் ஊரில் ஒரு பெண் கேக்குக்காக வோட்கா வாங்கப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு தடவை வெனிலா எசன்ஸில் கரைத்துத் தீட்டினேன். இரண்டு நாளாகியும் காயவில்லை. பெட்டியைத் திறந்தபோது மூடியோடு ஒரு நீலப் பட்டையும் உரிந்து வந்தது. கடைகளில் கிடைக்கும் எசன்ஸ் பலதும் ப்ரோப்பிலீன் கிளைகால் அடிப்படையில் செய்தது, அது லேசில் ஆவியாகாது. கேக் பொருள் விற்கும் கடைகளில் உணவுத் தரத்து ஆல்கஹால் 'ரெஜுவனேட்டர்' என்ற பெயரில் சின்னக் குப்பியில் கிடைக்கும், அதைக் கேளுங்கள். சர்ஜிகல் ஸ்பிரிட்டும் சானிடைசரும் எக்காரணத்துக்கும் கூடாது.

ஆல்கஹாலே வேண்டாம் என்கிற வீடா? கோகோ பட்டரை உருக்கி, எண்ணெயில் கரையும் கலரைக் கலந்து தீட்டலாம். ஜெல் கலர் அதோடு சேராது. ஆனால் கோகோ பட்டர் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். மே மாதத்து மொட்டை மாடி விருந்துக்கு அது சரிப்படாது.

இன்னொன்று. ஜெல் கலரில் பெரும்பாலும் குளிசரின் இருக்கும், அதனால் கெட்டியாகப் பூசினால் பிசுபிசுப்பு போகாது. கடலோர ஊரில் நான் பவுடர் கலரைத்தான் எடுப்பேன். கால் டீஸ்பூன் பவுடரில் சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் விட்டுக் குழைத்தால் கெட்டி மை மாதிரி வரும். இன்னும் விட்டால் வாட்டர்கலர் மாதிரி நீர்த்துவிடும். சுவர் பெயின்ட் மாதிரி அடியை மறைக்க வேண்டுமானால் கொஞ்சம் வெள்ளைப் பவுடர் சேருங்கள்.

அந்தச் சேறு எப்படி வந்தது என்று பார்ப்போம். நீலமும் ஆரஞ்சும் வண்ணச் சக்கரத்தில் நேருக்கு நேர் நிற்பவை. ஈரமாக இருக்கும்போது இரண்டும் கலந்தால் பழுப்புதான் வரும். அப்ஸ்ட்ராக்ட் என்றதும் எல்லாக் கலரையும் எடுத்து இஷ்டத்துக்குத் தீட்டலாம் என்று நினைக்கிறோம். உண்மையில் பிரஷைத் தொடும் முன்பே பாதி முடிவுகளை எடுத்தாக வேண்டிய வேலை இது. மூன்று கலர், வெள்ளை, ஒரு துளி தங்கம் போதும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், கரையேற்றி வைத்திருக்கும் பழைய வள்ளத்தின் பக்கப் பலகையைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். நீலத்துக்கு மேல் பச்சை, அதற்கு மேல் வெள்ளை என்று வருஷா வருஷம் அடித்த பெயின்ட் உரிந்து, ஆணி துருவேறிய இடத்தில் மட்டும் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கும். அதைப் படம் எடுத்து வந்தால் உங்கள் கேக் தயார்.

அந்தப் பலகைக் கேக்கை நான் எப்படித் தீட்டுவேன் என்று சொல்கிறேன். உணவுக்கென்றே வைத்த ஒரு அங்குலப் பட்டை பிரஷில் நீர்த்த நீலத்தை எடுத்து, கேக்கின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். கை பழகுவதற்குள் வரும் தப்பெல்லாம் பின்னால் போகட்டும். மூன்றில் ஒரு பங்கு இடத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவேன். அப்புறம் எழுந்து போய் டீ குடிப்பேன். இருபது நிமிஷம் கழித்துத் தொட்டுப் பார்த்து, கையில் கலர் வரவில்லையென்றால்தான் இரண்டாவது கலர். அந்தப் பச்சையைப் பிய்த்த ஸ்பாஞ்சில் தொட்டு, டிஷ்யூவில் ஒரு தடவை ஒற்றிவிட்டு அங்கங்கே தட்டுவேன். அது காய்ந்த பிறகு, கலர் கலந்த கெட்டி ராயல் ஐசிங்கை (ஐசிங் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் அடித்த கலவை) பேலட் நைஃப் என்ற மழுங்கல் தட்டைக் கத்தியில் எடுத்து நாலைந்து இடத்தில் இழுப்பேன். உரிந்த பெயின்டின் மேடு பள்ளம் அதில்தான் வரும். துரு நிறம் கடைசியில், நகக்கண் அளவுக்கு மட்டும். பிடிக்காத கோடு விழுந்தால் பதற வேண்டாம். ஆல்கஹால் தொட்ட இயர் பட்ஸால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

தங்கத்தில் மட்டும் நான் கறார். கடையில் 'நான் டாக்சிக்' (நச்சில்லாதது) என்று எழுதியிருக்கும் மினுக்குப் பொடியெல்லாம் தின்னக் கூடியது இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-ல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. மேலே கனமாகப் பூசியிருந்த ரோஸ் கோல்டு பொடியில் ஏராளமாகத் தாமிரம் இருந்தது. மிசூரியில் நடந்த இன்னொரு சம்பவத்தில் அலங்காரப் பொடியில் ஈயமே இருந்தது. இரண்டையும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்டது. டப்பாவில் சேர்மானப் பட்டியலும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண்ணும் இல்லையென்றால் வாங்காதீர்கள். தங்கமே இல்லாவிட்டாலும் வள்ளத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

விருந்து ஞாயிறு சாயங்காலம் என்றால், வெள்ளிக்கிழமை சுட்டுக் கனாஷ் பூசுங்கள். சனிக்கிழமை காலை போர்த்தி, ராத்திரி தீட்டிவிட்டு ஏசி அறையிலேயே விடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், ஊதாவும் ரோஸும் வெளுத்துப் போகும். ஏசி நின்றுபோய் வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தால், அட்டைப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் குளிர் முழுதாகப் போகும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள், வியர்வை பெட்டியோடு போய்விடும். அப்படியும் வியர்த்துவிட்டால் துடைக்க வேண்டாம், ஃபேன் காற்றில் தானாகக் காயும். மெழுகுவத்தியைக் கேக்கில் குத்தும்போது அந்த வெள்ளை இடத்தில் குத்துங்கள். பொறி பறக்கும் மத்தாப்பு மெழுகுவத்தியை யாராவது ஆசையாக வாங்கி வந்தால், பக்கத்தில் ஒரு தட்டில் கொளுத்தச் சொல்லுங்கள்.