திறந்த டின்னை மீண்டும் மூடும் மூடி: கேஸை யார் திருடுகிறார்கள்?

கேள்வி: கோவையில் சிறிய பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். திறந்த குளிர்பான டின்னை மூடிவைக்க, மேலே இழுத்து மாட்டும் சிலிக்கான் மூடி ஒன்று செய்துபார்த்தேன். எறும்பு ஏறவில்லை. ஆனால் டின்னைச் சாய்த்தால் கசிகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் மூடி தானாகக் கிளம்பிவிடுகிறது. ஒழுகாத மூடியிலும் மறுநாள் கேஸ் இருப்பதில்லை. அச்சில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று. கசிவது, கிளம்புவது, கசியாமலே கேஸ் போவது: மூன்றுக்கும் காரணம் தனித்தனி. கடைசியானதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் ஒரு பங்கை எந்த மூடியாலும் நிறுத்த முடியாது. அது தெரியாமல் அச்சுக்குப் பணம் போட்டால் வீண்.

கோலா வகைப் பானத்தில் அதன் கொள்ளளவைப் போல மூன்றரை முதல் நான்கு மடங்கு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். திறந்து ஊற்றிக் குடிக்கும்போதே கொஞ்சம் போய்விடும். மிச்சத்தில் 3 மடங்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 330 மி.லி. டின்னில் பாதி, அதாவது 165 மி.லி. மீந்தால், அதில் சுமார் 495 மி.லி. வாயு. அதற்கு மேலே 175 மி.லி. காலியிடம். மூடியதும் பானத்திலிருந்து வாயு பிரிந்து அந்தக் காலியிடத்தை நிரப்பத் தொடங்கும். உள்ளே அழுத்தம் போதுமான அளவு ஏறிய பிறகுதான் நிற்கும். 4 டிகிரி குளிரில் இது வெளிக்காற்றைவிட 1.2 பார் கூடுதல் அழுத்தத்தின் அருகே நிற்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), பானத்தில் மிஞ்சுவது 1.75 மடங்கு. ஒரு துளிகூடக் கசியாத மூடியிலும் நாற்பது சதவீதம் கேஸ் காலியிடத்துக்குப் போய்விட்டது. அறையில் 30 டிகிரியில் வைத்தால் பானத்தில் 1.2 மடங்குதான் மிஞ்சும். டின்னில் முக்கால்வாசி மீந்திருந்தால் குளிரில் எண்பது சதவீதம் வரை தங்கும். கால்வாசி மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குகூடத் தங்காது.

ஆக, 'மறுநாளும் அதே கேஸ்' என்று அட்டையில் அச்சிடாதீர்கள். வீட்டில் குடிப்பவருக்கு இதைவிட நல்ல வழி உண்டு: மிச்சத்தைச் சிறிய பெட் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடுவது. காலியிடம் இல்லாவிட்டால் திருட்டும் இல்லை. (பாட்டிலைக் கசக்கிக் காற்றை வெளியேற்றி மூடுவது உதவாது. உள்ளே வாயு பிரியப் பிரிய பாட்டில் பழையபடி உப்பிவிடும்.) உங்கள் மூடிக்கு வாடிக்கையாளர் பையிலும் வண்டியிலும் மேசையிலும் டின் வைத்திருப்பவர், கால்வாசி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பவர். அவருக்கு இது உண்மையிலேயே பயன்படும்.

சிலிக்கான் செய்யும் தனித் துரோகம் ஒன்றும் இருக்கிறது. ரப்பர் வகைகளில் கார்பன் டை ஆக்சைடை மிகத் தாராளமாக ஊடுருவ விடுவது அதுதான். பாலிப்ரொப்பிலீனோடு (பிபி) ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல். 2 மி.மீ. தடிமன், 20 சதுர செ.மீ. பரப்பு, 1 பார் அழுத்த வேறுபாடு என்று கணக்குப் போட்டால் அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 8 மி.லி. வாயு ஓட்டை எதுவும் இல்லாமலே சுவர் வழியாக நடந்துபோகிறது. ஒரு இரவுக்கு 80, 90 மி.லி. சிலிக்கானைக் கேஸ்கெட்டாக, அதாவது கசிவை அடைக்கும் வளையமாக, ஓரத்தில் மட்டும் வையுங்கள். மூடியின் உடல் பிபி ஆகட்டும்.

அடுத்தது, கிளம்புவது. உங்களிடம் உள்ள டின் பெரும்பாலும் 202 அளவு மேல்தகடு கொண்டது. 202 என்றால் 2 அங்குலமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் 2 பங்கும்: 53.98 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 23 சதுர செ.மீ. உள்ளே 1.2 பார் என்றால் மூடியை மேலே தள்ளும் விசை 28 கிலோ. ஒரு 25 கிலோ அரிசி மூட்டைக்கும் கூடுதல். அதே டின் 30 டிகிரிக்குச் சூடானால் 1.9 பார், 45 கிலோ. இழுத்து மாட்டிய சிலிக்கான் வெறும் உராய்வில் நிற்கிறது, இதைத் தாங்காது. போதாததற்கு நடுப்பகுதி உப்பும்போது ஓரத்தையும் மேலே இழுத்துக்கொண்டே வரும்.

இங்கே இரண்டு பாதைகள். ஒன்று, மேல்தகடு முழுவதையும் மூடாமல் குடிக்கும் வாயை மட்டும் அடைப்பது. வாய் ஏறக்குறைய 4 சதுர செ.மீ.; 28 கிலோ விசை 5 கிலோவாகக் குறையும். அதையும் உள்ளிருந்து அடைத்தால் அழுத்தமே அடைப்பானை இறுக்கும், உள்மூடி குக்கரின் மூடி போல. கேட்கும்போதே ஆசை வரும். ஆனால் வாயின் விளிம்பு கீறல்கோட்டில் கிழிந்த தகடு. கத்தி போன்றது, ரப்பரைச் சில தடவையில் அறுத்துவிடும். கிழிந்த நாக்கு வேறு உள்ளே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். 1975-இல் டேனியல் கட்சிக் வடிவமைத்த, வளையமும் நாக்கும் டின்னோடே தங்கும் திறப்பின் விளைவு இது. அதற்கு முன் எர்மல் ஃப்ரேஸின் முறையில் நாக்கு முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடும். திரும்ப மூடக்கூடிய திறப்பை டின்னிலேயே வைத்து விற்றவர்களும் உண்டு, மான்ஸ்டர் இம்போர்ட் டின் அப்படிப்பட்டது. ஆனால் அது டின் தொழிற்சாலை தகட்டிலேயே செய்கிற வேலை. வெளியிலிருந்து ஒட்டும் துணைப்பொருளாக இந்தப் பாதையை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஜப்பானில் பரவலான திருகுமூடி அலுமினிய பாட்டில்கூட வாயை 38 மி.மீ. ஆக்கிப் பரப்பைப் பாதியாகக் குறைத்துத்தான் இந்தக் கணக்கைச் சமாளித்தது.

இரண்டாவது பாதை, மேல்தகடு முழுவதையும் மூடி, மடிப்பு விளிம்பின் அடியில் கொக்கி போட்டுப் பிடிப்பது. உங்கள் பட்டறைக்கு இதுவே சரி.

டின்னின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். உடலின் தகடும் மேல்தகடும் ஒன்றையொன்று கவ்வி மடிந்த இரட்டை மடிப்பு அது. உயரம் சுமார் 2.5 மி.மீ., தடிமன் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். அதற்குக் கீழே கழுத்து உள்வாங்கும். கொக்கி பிடிக்கக் கிடைக்கும் இடம் பக்கத்துக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. வரைதான். நாலைந்து பிராண்ட் டின்களை வாங்கி டிஜிட்டல் காலிப்பரில் அளந்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் குறித்துக்கொள்ளுங்கள். 330 மி.லி., 500 மி.லி. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே 202 தகடுதான். 250 மி.லி. ஒல்லி எனர்ஜி பான டின்களில் 200 அளவு, அதாவது 50.8 மி.மீ. வருவதுண்டு. இரண்டுக்கும் ஒரே மூடி என்று முயலாதீர்கள், இரண்டிலும் கெட்டுப்போகும்.

மூடியை நான்கு உறுப்பாகப் பிரிக்கலாம்.

உடல்: பிபி. தட்டையாகச் செய்யக் கூடாது. 2 மி.மீ. தட்டைத் தகடு 2 பாரில் நடுவில் 6 மி.மீ. அளவுக்கு உப்பும், ஓரம் சாய்ந்து கொக்கி நழுவும். மேல்நோக்கி வளைந்த குவிமாடமாக, நடுவில் 6–7 மி.மீ. உயரத்தில் செய்யுங்கள். உள் அழுத்தம் அதை இழுக்குமே தவிர வளைக்காது. ஓரத்திலிருந்து கீழே இறங்கும் பாவாடையைச் சுற்றிலும் 12 பிளவுகள் விட்டு விரல்களாக்குங்கள். ஒவ்வொரு விரலின் நுனியிலும் உள்நோக்கி 0.6 மி.மீ. கொக்கி. மாட்டும்போது எளிதாக நழுவி இறங்க அடிப்பக்கம் 30 டிகிரி சரிவு. மடிப்பின் அடியைப் பிடிக்கும் மேல்பக்கம் நேர் செங்கோணம். அந்த மேல்பக்கத்தையும் சரித்துவிட்டால் அழுத்தமே விரலைத் திறந்துவிடும். இப்படி மூடி செய்துபார்க்கும் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

பூட்டு வளையம்: விரல்களுக்கு வெளியே மேலும் கீழும் நழுவும் தனி பிபி வளையம். மேலே இருக்கும்போது விரல்கள் விரியலாம். கீழே தள்ளினால் விரிய இடமில்லை. 45 கிலோவைத் தாங்குவது கொக்கியின் விறைப்பு அல்ல, இந்த வளையம்தான். எனவே கொக்கிகளை மெல்லியதாக, மாட்டக் கழற்ற எளிதாக வைத்துக்கொள்ளலாம். வெறும் ஸ்னாப் மூடியில் இந்தச் சுதந்திரம் கிடையாது: இறுக்கினால் குழந்தை கழற்ற முடியாது, தளர்த்தினால் பறக்கும்.

கேஸ்கெட்: மடிப்பின் உச்சியில் படும் தட்டை வளையம் மட்டும் போட்டால், அழுத்தம் ஏறும்போது மூடி ஒரு மயிரிழை மேலே போகும், கேஸ்கெட் தளரும், கசியும். அழுத்தம் கேஸ்கெட்டுக்கு எதிராக வேலை செய்கிறது. அதே வளையத்திலிருந்து 2.5–3 மி.மீ. நீளமுள்ள மெல்லிய உதடு ஒன்றை உள்பக்கமாகக் கீழே இறக்குங்கள். அது மேல்தகட்டின் பள்ளச் சுவரில் படியட்டும். இப்போது வாயு அந்த உதட்டை வெளிப்பக்கம் சுவரோடு அழுத்தும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் கூடும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 40 முதல் 50, உதட்டின் தடிமன் 0.8 மி.மீ. போதும். பள்ளச் சுவரின் சாய்வு எல்லா டின்னிலும் ஒன்றல்ல: பழைய வகைத் தகட்டில் ஏறக்குறைய செங்குத்து, எடை குறைத்த புதிய தகடுகளில் நல்ல சரிவு. அதனால் உதட்டை மட்டும் நம்பாமல் உச்சியில் படும் தட்டைப் பகுதியையும் வைத்துக்கொள்ளுங்கள், 2 மி.மீ. தடிமனில் 0.4 மி.மீ. அழுந்தும்படி.

நான்காவது, காற்றுத் துளை. முக்கால்வாசிப் பானத்தோடு மூடிய டின் 40 டிகிரிக்குப் போனால் கணக்குப்படி மூன்றரை பார். மூடியில் 80 கிலோ. டின் தாங்கும், அது 6 பார் அளவுக்குச் செய்யப்பட்டது. உங்கள் மூடி யாருடைய முகத்தையாவது பார்த்துப் பறக்கும். குவிமாடத்தின் உச்சியில் 3 மி.மீ. துளை போட்டு, அதை ஒரு சிலிக்கான் நாக்கால் மூடுங்கள். 2 பாரில் அந்தத் துளை மீது விசை 145 கிராம்தான், ஆகவே அதற்கு முன்பே திறந்துகொள்ளும்படி நாக்கின் பிடியைச் சரிசெய்வது எளிது. குக்கரில் வெயிட் பார்க்கும் வேலை. நாக்கின் மறுநுனி பூட்டு வளையத்தின் மேல் படியுமாறு வைத்தால், நாக்கைத் தூக்கிக் கேஸை விடாமல் வளையத்தை உயர்த்த முடியாது. மறந்துவிடக் கூடாத ஒன்று: இது சர்க்கரைப் பானம். காய்ந்தால் பசை. நாக்கு ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பே போய்விடும். அது தனியாகக் கழன்று வரவேண்டும், கழுவ முடியவேண்டும்.

சாய்த்தால் கசிவதற்கும் விடை இதிலேயே வந்துவிட்டது. உங்கள் சிலிக்கான் மூடி மடிப்பின் வெளிப்பக்கத்தைப் பிடிக்கிறது, உச்சியில் அழுந்தவில்லை. கூடவே டின்னைத் திறக்கும் இழுவளையத்தை முழுதாகத் தாழ்த்தினீர்களா என்றும் பாருங்கள். தாழ்த்திய இழுவளையம் மடிப்பின் உச்சிக்குக் கீழேதான் இருக்கும்; தூக்கியபடி விட்டால் மூடியை ஒரு பக்கம் நெம்பும். பக்கவாட்டில் பற்றவைத்த எஃகு டின்களில், சில பழச்சாறு டின்கள் அப்படி, பற்று வந்து சேரும் இடத்தில் மடிப்பு புடைத்திருக்கும், அங்கே கசியலாம். அலுமினிய டின்னில் அந்தப் பற்றே கிடையாது.

அச்சுக்காரரிடம் ஒன்றை வலியுறுத்துங்கள். பிபி குளிரும்போது ஒன்றரை சதவீதம் அளவில் சுருங்கும். 54 மி.மீ.யில் அது 0.8 மி.மீ.; விட்டத்தில் உங்கள் கொக்கிகளின் மொத்தப் பிடியே 1.2 மி.மீ. தான். சுருக்கத்தில் கால் சதவீதம் பிசகினாலும் மூடி இறுகியோ தொளதொளத்தோ போகும். அச்சில் கொக்கிப் பகுதியைத் தனியாகக் கழற்றி மாட்டும் இன்செர்ட்டாகச் செய்து, முதலில் இரும்பை மிச்சம் வைத்து வெட்டச் சொல்லுங்கள். இரும்பைச் சீவலாம், சேர்க்க முடியாது. முதல் மாதிரியை 3டி பிரிண்டில் எடுத்தால் பிஎல்ஏ வேண்டாம், விரல்கள் நாலாம் தடவை ஒடியும்.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. குடித்து முடித்த டின்னின் அடியில் துளையிட்டு, நட்டு போட்டு இறுக்கும் வகை டியூப்லெஸ் வால்வு ஒன்றை இருபுறமும் ரப்பர் வாஷரோடு பொருத்துங்கள். டின்னில் தண்ணீரை மேலே ஒரு செ.மீ. விட்டு நிரப்பி மூடியை மாட்டி, அளவுமானி உள்ள சைக்கிள் பம்பால் அரை பார் அரை பாராக ஏற்றுங்கள். தண்ணீர் நிரப்புவது பாதுகாப்புக்காக. காற்று நிறைந்த டின்னில் மூடி பறந்தால் வேகம் பல மடங்கு. டின்னைக் கவிழ்த்த வாளிக்குள் வைத்துச் செய்யுங்கள், கண்ணாடி அணியுங்கள். 1.5 பாரில் பத்து நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும், 2 பாருக்குள் நாக்கு திறக்க வேண்டும். பிறகு கெட்டியான சர்க்கரைப் பாகைத் தடவி இரண்டு நாள் காயவிட்டு இதையே மறுபடி.

கேஸ் இழப்பை அளக்கத் தராசு போதும். ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 2 கிராம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் 5 மி.லி. இழப்புகூடத் தெரியும். மூடிய டின்னை இரவில் நிறுத்து, காலையில் நிறுத்துப் பாருங்கள். குளிர்ந்த டின்னின் வெளியே வியர்க்கும் தண்ணீர் கணக்கைக் கெடுக்கும், அறை வெப்பத்துக்கு வந்தபின் துடைத்து நிறுங்கள்.

எறும்பும் தூசியும் மட்டும் தடுத்தால் போதும் என்றால் இவ்வளவும் வேண்டாம். எல்டிபிஇ-யில் (மென்மையான பாலிஎத்திலீன்) 1 மி.மீ. ஸ்னாப் மூடி, நடுவில் ஊசித்துளை ஒன்று, முடிந்தது. துளை இல்லாவிட்டால் அதுவும் கிளம்பும்.

விற்பனைக்குப் போகும்முன் பிபி ஐ.எஸ். 10910-க்கும், எல்டிபிஇ ஐ.எஸ். 10146-க்கும் உட்பட்ட உணவுத் தரமா என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருளை அளக்கும் ஐ.எஸ். 9845 சோதனையில் வரம்பு கிலோவுக்கு 60 மி.கிராம், நிறப்பொடி சேர்த்த பிறகான துண்டைத்தான் கொடுக்க வேண்டும். மூடிகளில் பல்லாண்டுக் காப்புரிமைகள் குவிந்திருக்கின்றன, ஆகவே இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் முதலில் பாருங்கள். உங்கள் பூட்டு வளையத்திலோ நாக்கிலோ புதுமை இருப்பதாகத் தோன்றினால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே கிண்டியில் உள்ள அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். அதற்குள் அச்சையும் திருத்திவிடலாம்.