மாற்றிப் படிப்பதும் ஏமாற்றிக்கொள்வதும்

அன்புள்ள ஐயா,

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். "நாளைக் காலை முதல் வேலையாக என்னை வந்து பாருங்கள்" என்று மேலாளரிடமிருந்து இரவு ஒன்பது மணிக்கு ஒரு வரி வந்தால், அன்று எனக்கு உறக்கம் இல்லை. எண்ணத்தை மாற்றினால் மன அழுத்தம் குறையும் என்று அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிப் பார்த்தேன். பயம் குறையவில்லை, பொய் சொல்லிக்கொள்கிறேன் என்ற உறுத்தல்தான் கூடியது. இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. நம்பாத ஒன்றை மனத்தின்மேல் பூசினால் அது ஒட்டாது. ஆனால் உளவியலாளர்கள் மறுமதிப்பீடு என்று சொல்வது அந்தப் பூச்சு வேலையை அன்று; ஒரு நிகழ்வுக்கு நாம் கொடுத்த பொருளைச் சோதித்து, நம்பக்கூடிய வேறு பொருளைத் தேடுவதை. ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில், ஒரு நிகழ்வு நமக்கு ஆபத்தா, அதைச் சமாளிக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று மனம் போடும் இரண்டு கணக்குகளிலிருந்தே அழுத்தம் பிறக்கிறது என்று விளக்கினார்கள். மேலாளரின் வரியில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. 'வேலை போகப்போகிறது' என்பது நீங்கள் அதில் சேர்த்துப் படித்த அடுத்த வரி. அந்த வரிக்கு என்ன ஆதாரம், இதற்கு முன் இப்படி அழைக்கப்பட்டபோதெல்லாம் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். 1960களில் மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுற்றவர்களுக்கு வகுத்த சிகிச்சையின் மையமும் இத்தகைய கேள்விகள்தாம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. அதன்பின் பல ஆண்டுகள், ஐப்பசி கார்த்திகையில் இரவு மழைச்சத்தம் கேட்டாலே எழுந்துபோய் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். 'மழை அழகானது' என்று சொல்லிக்கொண்டது ஒருநாளும் பலிக்கவில்லை. அந்தச் சத்தத்தை 'வெள்ளம் வருகிறது' என்று கேட்காமல், 'மழை பெய்கிறது. இப்படிப் பெய்து ஓய்ந்த இரவுகளே அதிகம்' என்று கேட்கப் பழகியதுதான் உதவியது. அதை என்னால் நம்ப முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் மறுபடியும் நீர் ஏறியது என்பதும் உண்மை. ஆகவே, எச்சரிக்கை வந்த உடனே அக்கம்பக்கத்தாரைப் போல வண்டியை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு, பத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, அதற்கு மேல் என் கையில் இல்லாத வானத்தைப் பற்றிய எண்ணத்தை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

நம் கையில் இருப்பது, இல்லாதது என்ற இந்தப் பிரிவினையைப் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். உளவியலாளர் ஆலிசன் டிராய் குழுவினரின் 2013ஆம் ஆண்டு ஆய்வில், நம் கட்டுப்பாட்டில் இல்லாத இன்னல்களில் மறுமதிப்பீட்டுத் திறன் மிக்கவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும், மாற்றக்கூடிய இன்னல்களில் அதே திறன் மிக்கவர்களிடம் அது அதிகமாகவும் காணப்பட்டது. செயலால் தீர்க்க வேண்டியதை எண்ணத்தால் சமாதானப்படுத்திவிட்டால் பிரச்சினை அப்படியே இருந்துவிடும் என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். இரவு நேரச் செய்திகள் வழக்கமாகிவிட்டிருந்தால் அது உங்கள் மனத்தின் குறை அன்று. மேலாளரிடம் பேச வேண்டிய விஷயம். அதைப் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதும் உதவாது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குபவர்களின் உடல் கூடுதலாகப் பரபரக்கிறது என்பதை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை அந்த வரி வந்தால், "எதைக் குறித்து என்று சொன்னால் தயாராக வருகிறேன்" என்று அப்போதே பதில் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.