குதிரை மெலிந்தால் எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: தேவிபட்டினம் அருகே கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். சந்தனக்கூட்டுக்கும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அனுப்பும் 9 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று என்னிடம் இருக்கிறது. நாள்தோறும் 3 கிலோ தவிடு, 1 கிலோ ஊறவைத்த கொள்ளு, வைக்கோல் எல்லாம் கொடுத்தும் விலா எலும்பை எண்ணும்படி மெலிந்துவிட்டது. தீவனத்தில் எண்ணெய் ஊற்றினால் தேறும் என்கிறார்கள். எந்த எண்ணெயை எவ்வளவு கொடுக்க வேண்டும், ஐயா?

பதில்: கொடுக்கலாம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனால் பித்தநீர் ஓயாமல் குடலுக்குள் வடிந்துகொண்டே இருப்பதால், மெல்லப் பழக்கினால் எண்ணெயை நன்றாகவே செரித்துக்கொள்ளும். 100 மில்லி எண்ணெய் ஏறத்தாழக் கால் கிலோ தானியத்தின் எரிசக்தியைத் தரும். தானியத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். எண்ணெயில் அந்த அச்சம் இல்லை.

ஆயினும் உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு மணலைப் பற்றியும் தவிட்டைப் பற்றியும்தான் கவலை வந்தது. நம் கரையில் வைக்கோலைத் தரையில் போட்டால் குதிரை ஒவ்வொரு வாய்க்கும் மணலைச் சேர்த்தே விழுங்குகிறது. அது பெருங்குடலின் அடியில் தங்கி உட்சுவரை உராய்ந்து, தின்றது உடம்பில் ஒட்டாமல் செய்துவிடும். அப்போதுதான் போட்ட இலத்தியில், தரையில் படாத மேல் உருண்டைகள் ஐந்தாறை எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே நிற்பதை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் விரலுக்கு நறநறவென்று ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் தட்டுப்பட்டால், எண்ணெயைத் தள்ளிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீவனத்தை இனித் தொட்டியிலேயே போடுங்கள். மருத்துவரிடம் கடைவாய்ப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழிப்பதால், மென்ற புல்லை உருட்டி வெளியே தள்ளிவிட்டுப் பசியோடு நிற்கும் குதிரைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குடற்புழு மருந்தும் அவர் சொல்படியே.

தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. 3 கிலோ வீதம் நெடுநாள் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் புடைத்துவிடும். ஆகவே அதைப் படிப்படியாக அரை கிலோவாகக் குறைத்து, பெயரிலேயே குதிரையைச் சுமக்கும் குதிரைமசாலையோ, மண் உதறிய, பூஞ்சணம் பிடிக்காத கடலைக்கொடியையோ சேருங்கள். வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது.

இனி எண்ணெயின் அளவு. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தையும் செ.மீ.யில் அளந்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பின் நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 155, நீளம் 148 என்றால் எடை சுமார் 300 கிலோ. அந்த எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு 30 மில்லியில் தொடங்கி, மூன்று வாரத்தில் 150 மில்லிக்கு உயர்த்தி, காலையும் மாலையும் பிரித்துக் கொள்ளில் பிசிறிக் கொடுங்கள். இலத்தி இளகிப் பிசுபிசுத்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். எண்ணெயில் புரதமும் தாது உப்பும் இல்லை என்பதால் கொள்ளை நிறுத்திவிடக் கூடாது. எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ-யும் கூடுதலாகத் தேவைப்படும், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ போதும். தவிட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தவிட்டு எண்ணெயைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். தவிட்டின் பாஸ்பரஸ் எண்ணெயில் இறங்குவதில்லை. பலகாரக் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும், வள்ளத்துக்குப் பூச வைத்திருக்கும் மீன் எண்ணெயும் அறவே வேண்டாம். நம் வெயிலில் எண்ணெய் விரைவில் சிக்குவாடை அடித்துவிடும், அந்த வாடையடித்தால் குதிரை தொட்டியில் வாய் வைக்காது. அரை லிட்டராக வாங்கி, மூடி, நிழலில் வையுங்கள். முதலில் உரோமத்தில் மினுமினுப்பு தெரியும். விலா மூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.