நியூரல் நெட்வொர்க்குக்கான சிறிய ஹார்டுவேரில் எத்தனை மல்டிப்ளையர்கள் வைக்க வேண்டும்?

உள் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் நியூரல் நெட்வொர்க் ஓட்டும் சுற்றைச் சொந்தமாக வடிவமைப்பதாகவும், எத்தனை மல்டிப்ளையர்கள் (பெருக்கல் சுற்றுகள்) வைத்தால் வேகம் போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மல்டிப்ளையருக்கும் எண்களை எங்கிருந்து, எத்தனை முறை கொண்டுவரப் போகிறீர்கள் என்பதை முதலில் கணக்கிடுங்கள். இதைக் கணக்கிடாமல் இறங்கியதால் ஒரு வடிவமைப்பை முழுவதும் தூக்கி எறிந்த அனுபவம் எனக்கு உண்டு.

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடம் ஒன்றில், பாவு இழை அறுந்த இடத்தைத் துணி நெய்யப்படும்போதே கேமராவால் கண்டுபிடிக்கும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தேன். தறிக்கு வரும் மின்சாரமே இருக்கிறது, ஆகவே மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கூடத்தில் பறக்கும் பஞ்சு காற்றுத் துளைகளை அடைத்துவிடும் என்பதால் பெட்டியை முழுக்க மூட வேண்டியிருந்தது. விசிறியும் வைக்க முடியாது. சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்கு அடியில், சிப் செலவழிக்கும் மின்சாரம் அத்தனையும் பெட்டிக்குள் வெப்பமாகத் தேங்கியது.

முதல் வடிவமைப்பில் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 64 எட்டு பிட் மல்டிப்ளையர்களை வைத்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடிகாரச் சுழற்சியிலும் புதிய எடை (உள்ளீட்டைப் பெருக்குவதற்காக நெட்வொர்க் பயிற்சியில் கற்றுவைத்திருக்கும் எண்) ஒன்றைக் கேட்டால், நொடிக்கு 640 கோடி பைட் வர வேண்டும். போர்டில் வெளியே இருந்த 16 பிட் எஸ்டிராம் மெமரியோ, அதே 100 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 20 கோடி பைட்தான் தரும். அதாவது மல்டிப்ளையர்கள் 32-இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே வேலை செய்து, மீதி நேரமெல்லாம் காத்துக் கிடந்தன.

மின்செலவிலும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 45 நானோமீட்டர் சிப்பில் எட்டு பிட் பெருக்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.2 பிகோஜூல் (ஒரு பிகோஜூல் என்பது ஒரு ஜூலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகிறது. 32 பிட் மிதவைப் புள்ளிப் பெருக்கலுக்கு 3.7 ஆகிறது, வெளி டிராம் மெமரியிலிருந்து 32 பிட்டைப் படிக்க 640 ஆகிறது. அந்த 32 பிட்டில் நான்கு எடைகள் அடங்கும் என்று தாராளமாகக் கொண்டாலும், ஓர் எடையைக் கொண்டுவரும் செலவு அதைப் பெருக்கும் செலவைப் போல 800 மடங்கு.

தறியைப் பார்த்தவர்களுக்கு இதற்கான வழி அந்நியமாகத் தோன்றாது. பாவு தறியிலேயே நிற்கிறது, ஊடை மட்டும் அதன் குறுக்கே மீண்டும் மீண்டும் ஓடுகிறது; ஒவ்வொரு ஊடைக்கும் யாரும் பாவை அவிழ்த்துக் கட்டுவதில்லை. அதைப் போலவே எடைகளை மல்டிப்ளையரின் பக்கத்திலேயே நிறுத்திவைத்து, உள்ளீட்டை அவற்றின் ஊடே ஓட விடலாம். நியூரல் நெட்வொர்க்குக்காகவே கூகுள் செய்த முதல் டி.பி.யு. சிப்பில் 65,536 எட்டு பிட் மல்டிப்ளையர்கள் இந்த முறையில்தான் அடுக்கப்பட்டிருந்தன.

ஆனால் எடையை நிறுத்தினால், முடியாமல் பாதியில் நிற்கும் கூட்டல்கள் பெருகும் என்பதை மறக்கக் கூடாது. என் நெட்வொர்க்கின் ஓர் அடுக்கில் 56-க்கு 56 அளவுள்ள 64 சானல்கள் (எண்களாலான கட்டங்கள்) உள்ளே வந்து, அதே அளவில் 64 சானல்கள் வெளியே போயின. ஓர் எடையை 3,136 இடங்களுக்கும் பயன்படுத்திய பிறகே விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், முடியாத கூட்டல்களுக்கு மட்டும் எட்டு லட்சம் பைட் தேவைப்படும். அவ்வளவு இடம் என் சிப்பில் இல்லை. ஆகவே ஒரே ஒரு வரிசையை முடிக்கும் வரை எடையை நிறுத்தினேன். கூட்டல்களுக்கு 14,336 பைட் போதுமானது, ஒவ்வோர் எடையும் 56 முறை பயன்பட்டது, எடைகளுக்கான தேவை நொடிக்கு 11.4 கோடி பைட்டாக இறங்கியது. உள்ளீட்டின் மேல் நகரும் மூன்றுக்கு மூன்று எடைக் கட்டமான வடிகட்டிக்குத் தேவையான மூன்று வரிசைகளைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டதால், உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்து இன்னும் 2.2 கோடிதான் ஆயிற்று. மல்டிப்ளையர்கள் அதே 64, மெமரியும் அதே மெமரி. ஆனால் அவை முழு நேரமும் ஓடத் தொடங்கின.

எடைகளை எட்டு பிட்டாகக் குறைக்கும்போது கூட்டலையும் 16 பிட்டில் நிறுத்திவிட வேண்டாம். மூன்றுக்கு மூன்று வடிகட்டியில் 64 சானல்கள் என்றால் 576 பெருக்கல்களைக் கூட்ட வேண்டும். அதற்கு 26 பிட் வரை தேவைப்படும் என்பதால் 32 பிட்டாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கைபேசி போன்ற சிறு கருவிகளுக்கான மொபைல்நெட் வகை நெட்வொர்க்கை எடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. சானல்களைத் தனித்தனியே வடிகட்டும் அந்த முறை பெருக்கல்களை எட்டு, ஒன்பது மடங்கு குறைப்பது உண்மைதான். ஆனால் அந்த அடுக்குகளில் ஓர் உள்ளீடு ஒரே ஒரு வெளியீட்டுச் சானலுக்குத்தான் பயன்படும். ஓர் உள்ளீட்டை 64 மல்டிப்ளையர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் என்னுடையதைப் போன்ற சுற்றில், அப்போது ஒன்றைத் தவிர மற்றவை சும்மா நிற்கும். அந்த அடுக்குகளுக்குத் தனிப் பாதை ஒன்றை அமைத்த பிறகு, மல்டிப்ளையர்களின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.